சருகுக்குள் வாழும் கூன்வண்டுக்குப் பெயர் வைப்பது

சருகுக் கூன்வண்டுகளில் புதிய சிற்றினம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம், அடர்ந்த காட்டுக்குள் ஒருவர் குனிந்து எதையோ உற்றுப் பார்க்கும் படமும் கூடவே வந்துவிடுகிறது. படத்தில் இருப்பவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வண்டைச் சருகிலிருந்து எடுத்த நேரத்தில் அது புதியது என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமும், மண் அப்பிய உடலும், தொட்டவுடன் கால்களை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும் சுபாவமும் கொண்ட ஓர் உயிரைப் பார்த்து, அதன் பேரினத்தைச் சொல்வதே பெரும்பாடு. காட்டிலிருந்து வந்து மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின், பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு மேசையின் மேல்தான் அது புதிய சிற்றினம் ஆகிறது. சில காலமாக இத்தகைய வண்டுகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தும், அவற்றைப் பற்றிப் பிறர் எழுதிய விவரணைகளைப் படித்தும் வருபவன் என்ற முறையில், ஒரு நல்ல விவரணையின் உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதை இங்கே எழுதுகிறேன்.

தலை மூக்குபோல் முன்னே நீண்டிருக்கும் கூன்வண்டுகளின் குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்டிருப்பவை மட்டும் ஏறத்தாழ 51,000 சிற்றினங்கள். சேமித்த தானியத்தையும் பனை வகை மரங்களையும் கெடுக்கும் சில சிற்றினங்களைத்தான் மனிதர்கள் நன்றாக அறிவார்கள். அவற்றை ஒழிப்பதற்குப் பணம் செலவிடப்படுகிறது, ஆகவே ஆய்வும் நடக்கிறது. காட்டுத் தரையில் மக்கும் இலைகளுக்கிடையே நடமாடும் கூன்வண்டு யாருக்கும் நட்டம் விளைவிப்பதில்லை. அது கவனிக்கப்படாமல் போனதற்கு அதன் சிறிய உருவத்தைவிட இந்தக் குணமே பெரிய காரணம் என்று நான் நினைப்பதுண்டு.

இவ்வண்டுகளைத் தேடிப் பிடிப்பது என்பது பெரும்பாலும் சலிப்பதுதான். தரையிலுள்ள சருகையும் மேல்மண்ணையும் அள்ளி, அடியில் கம்பிவலை வைத்துத் தைத்த துணிப்பையில் போட்டுக் குலுக்கினால், பெரிய இலைகளும் குச்சிகளும் மேலே தங்கிவிட, தூளும் சிற்றுயிர்களும் கீழே இறங்கும். அந்தத் தூளை வலைப்பைகளில் நிரப்பி, விங்க்லர் பை எனப்படும் துணிப்புனலுக்குள் தொங்கவிடுவார்கள். தூள் மெல்லக் காயும்போது உள்ளேயிருக்கும் உயிர்கள் இடம் தேடி நகர்ந்து, வலையைத் தாண்டி, புனலின் அடியில் கட்டிய சாராயக் குப்பிக்குள் விழும். இதற்கு மின்சாரமும் விளக்கும் தேவையில்லை என்பதால் தொலைவான மலைமுகாம்களில் இதுவே கைகொடுக்கிறது. விளக்கின் வெப்பத்தால் உயிர்களைக் கீழே விரட்டும் பெர்லீஸ் புனலும் உண்டு. அது ஆய்வகத்துக்கு ஏற்றது. இரண்டு முறைகளிலும் குப்பியில் சேர்வது எறும்பு, உண்ணி, சிலந்தி, குதிவால் பூச்சி எல்லாம் கலந்த ஒரு குழம்புதான். அதிலிருந்து கூன்வண்டுகளைப் பொறுக்கியெடுக்கும் வேலைக்கு யாரும் விருது கொடுப்பதில்லை.

வேலையின் சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சருகில் வாழும் கூன்வண்டுகளில் மிகப் பல சிற்றினங்கள் பறக்கும் திறனை இழந்தவை. பறப்பதற்கான பின்னிறக்கைகள் குறுகியோ அடியோடு மறைந்தோ போயிருக்கும்; மேலே மூடும் கெட்டியான இறக்கை உறைகள் இரண்டும் நடுக்கோட்டில் இறுகப் பொருந்தியிருக்கும்; இறக்கையை அசைக்கும் தசைகளுக்கு இடம் தேவைப்படாததால் பின்மார்பு சுருங்கியிருக்கும்; இறக்கை உறையின் தோள்முனைகள் மழுங்கி, உடல் முழுவதும் ஒரே வளைவாகத் தெரியும். மண்ணுக்குள் இன்னும் ஆழமாகப் போன சிலவற்றில் கண்கள் சிறுத்தோ இல்லாமலோ போயிருக்கும். இம்மாற்றங்கள் ஒரே மூதாதையிடமிருந்து எல்லாவற்றுக்கும் வந்தவை அல்ல. வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்த வண்டுகள் ஒரே விதமான வாழ்க்கைக்கு வந்து சேர்ந்ததால், உறவில்லாதவை ஒன்றுபோலத் தோற்றமளிக்கின்றன. நேர்மாறாக, பறக்க முடியாத ஒரு வண்டு அடுத்த மலைக்குப் போக முடியாது. பள்ளத்தாக்கின் வெப்பமும் வறட்சியும் அதற்குப் பெரிய தடை. எனவே பக்கத்துப் பக்கத்து மலைகளில் தனித்தனியே பிரிந்துபோன நெருங்கிய உறவினங்கள், வெளித்தோற்றத்தில் அதிகம் மாறாமலே வேறு சிற்றினங்களாகிவிடுகின்றன. தூரத்து உறவுகளை நெருக்கமாகவும், பிரிந்துபோனவற்றை ஒன்றாகவும் காட்டும் இப்படியொரு கூட்டத்தில் வெறும் கண் பார்வையை நம்பி எழுதப்படும் விவரணை எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்கத் தேவையில்லை.

ஒரு வண்டை விவரிக்க உட்காரும்போது முதலில் அதைக் குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது. சருகுக் கூன்வண்டுகள் பலவற்றின் மேற்புறத்தில் மண்ணும் சுரப்பும் கலந்து இறுகிய ஓர் ஓடு படிந்திருக்கும். செதில்களும் முட்கள் போன்ற தடித்த மயிர்களும் அந்த ஓட்டைப் பிடித்து நிறுத்தும். அழுக்கோடு பார்த்தால் முதுகில் தாறுமாறான மேடுகள் தெரியும். சோப்புக் கரைசலில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் பொறுமையாகத் தேய்த்த பிறகு அதே முதுகில் ஒழுங்கான வரிப்பள்ளங்களும், ஒவ்வொரு பள்ளத்திலும் வரிசையாகக் குழிப்புள்ளிகளும், வரிகளுக்கிடையில் ஒற்றை வரிசையில் நிற்கும் மயிர்களும் வெளிப்படும். இங்கே ஒரு தருமசங்கடம் இருக்கிறது: தேய்க்கும் தூரிகை செதில்களையும் உதிர்த்துவிடலாம், செதில்களின் வடிவமோ ஒரு முக்கிய அடையாளம். ஒரே இடத்தில் கிடைத்த மாதிரிகள் பல இருந்தால் சிலவற்றைக் கழுவி, சிலவற்றை அப்படியே விட்டுவிடுவதுதான் விவேகம். காட்டில் அந்த வண்டைப் பார்க்கப்போகிறவர் அழுக்கோடுதான் பார்க்கப்போகிறார் என்பதால், கழுவாத உருவத்தின் படமும் கட்டுரையில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

நீளத்தை அளப்பதிலும் ஒரு வழக்கம் உண்டு. கூன்வண்டின் தலையும் அதிலிருந்து நீளும் மூக்கும் மேலும் கீழும் அசையக்கூடியவை. இறக்கும்போது அவை எந்த நிலையில் நின்றனவோ அதற்கேற்ப மொத்த நீளம் மாறும். ஆகவே பெரும்பாலோர் மூக்கை விட்டுவிட்டு, முன்மார்பின் முன்விளிம்பிலிருந்து இறக்கை உறையின் கடைசிவரை அளக்கிறார்கள். எங்கிருந்து எங்கே அளந்தோம் என்பதை எழுதாமல் வெறும் 2.3 மில்லிமீட்டர் என்று மட்டும் போடும் விவரணைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வரும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அடுத்தவர் எதையும் ஒப்பிட முடியாது.

மூக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அடையாளங்கள் அதிகம் கிடைப்பதும், சிக்க வைப்பதும் அதுவே. நுனியில் வாயுறுப்புகளும், பக்கங்களில் உணர்கொம்புகளும் கொண்ட இந்த மூக்கின் நீளம், வளைவு, மேலுள்ள வரிமேடுகள், உணர்கொம்பு எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்பவை எல்லாம் விவரணையில் இடம்பெறும். உணர்கொம்பின் நீண்ட அடித்தண்டு மடிந்து அடங்குவதற்கு மூக்கின் பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கும். தண்டுக்கும் குண்டு முனைக்கும் இடையேயுள்ள துண்டுகள் ஏழா, ஆறா, ஐந்தா என்று எண்ணுவது சில வேளைகளில் பேரினத்தையே தீர்மானிக்கும். சில கூட்டங்களில் மூக்கு முழுவதுமாக மடிந்து, மார்பின் அடிப்பக்கத்திலுள்ள நீண்ட பள்ளத்துக்குள் போய்ப் பதிந்துகொள்ளும். அந்தப் பள்ளம் எங்கே முடிகிறது, அதன் முடிவில் வரம்பு திறந்திருக்கிறதா அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு, மூக்கை உடைக்காமல் ஊசியால் நெம்பி விரிக்க வேண்டும். பயிற்சி இல்லாத கை தலையைத் தனியாகக் கழற்றிவிடும்.

பெண் வண்டு தன் மூக்கால் துளையிட்டு முட்டை வைக்கும் கூட்டங்களில், பெண்ணின் மூக்கு ஆணின் மூக்கைவிட நீளமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். உணர்கொம்பும் சற்றுப் பின்தள்ளிக் கிளம்பும். இதை அறியாதவர் ஒரே சிற்றினத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்துவிடலாம். பழைய இலக்கியத்தில் அவ்வாறு வைக்கப்பட்டுப் பின்னர் ஒன்றாக்கப்பட்ட பெயர்கள் பூச்சியியல் முழுவதும் கிடக்கின்றன.

வெளித்தோற்றம் கைவிடும் இடத்தில் ஆணின் இனப்பெருக்க உறுப்பு உதவுகிறது. வயிற்றைக் கழற்றி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் தசைகள் கரைந்து, கெட்டியான பழுப்புநிறக் குழாய் ஒன்று தனியே நிற்கும். கிளிசரினில் மிதக்கவிட்டு மேலிருந்தும் பக்கவாட்டிலும் பார்க்கும்போது, வெளியில் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்த இரண்டு வண்டுகளில் ஒன்றின் குழாய்முனை கூராகவும் மற்றொன்றின் முனை மழுங்கி அகன்றும் தெரியலாம்; உள்ளேயிருக்கும் பையின் கெட்டித் தகடுகள் வேறு வேறு வடிவத்தில் இருக்கலாம். மில்லிமீட்டரின் ஒரு பகுதியே நீளமுள்ள அந்த உறுப்பின் படம்தான், என் அனுபவத்தில், விவரணைக் கட்டுரையில் மீண்டும் மீண்டும் திருப்பிப் பார்க்கப்படும் பக்கம். பெண் மாதிரிகளை மட்டும் வைத்துப் புதிய சிற்றினத்தை விவரிக்க விதிகள் தடை சொல்வதில்லை. ஆயினும் பெண்ணை மட்டும் கொண்டு எழுதப்பட்ட பெயர் அடுத்து வருபவருக்குச் சுமையாகிவிடுகிறது.

இவ்வளவையும் பார்த்தபின்னும், எதோடு ஒப்பிட்டுப் புதியது என்கிறோம் என்ற கேள்வி நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிவந்த விவரணைகள் பல, படம் ஏதுமின்றி, லத்தீனில் சில வரிகளில் முடிந்துவிடும். நீள்வட்டம், கருமை, கால்கள் செந்நிறம் என்ற அளவில் சொல்லும் அவ்வரிகளுக்கு இன்று நூறு சிற்றினங்கள் பொருந்தும். அவற்றை எழுதியவர்களை நான் பழிக்கமாட்டேன். அவர்கள் மேசையில் அந்தப் பேரினத்தின் வண்டு ஒன்றோ இரண்டோதான் இருந்தது, அவற்றைப் பிரித்துக் காட்ட அவ்வளவு சொற்கள் போதுமானவை. இப்போது செய்யக்கூடியது, அந்தப் பெயருக்கு ஆதாரமாக அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கும் மூல மாதிரியையே தேடிப் பார்ப்பதுதான். ஊசியில் குத்திய சிறு அட்டைத்துண்டின் மேல் ஒட்டியிருக்கும் வண்டும், அதன் கீழே கையெழுத்துச் சீட்டும், ஊர்ப்பெயர் ஒன்றும் இருக்கும். உயரமும் தேதியும் பல வேளைகளில் இருக்காது. மூல மாதிரியைப் பார்க்காமல், அச்சான விவரணையை மட்டும் படித்துவிட்டுப் புதியது என்று அறிவிப்பவர், ஏற்கெனவே உள்ள ஒரு பெயருக்கு இரட்டைப் பெயர் சேர்த்துவிடும் வாய்ப்பு அதிகம்.

இந்த ஒப்பீட்டின் சாரம்தான் கட்டுரையில் வேறுபாட்டுக் குறிப்பு என்ற தலைப்பில் நான்கைந்து வரிகளாக வரும். தலை, முன்மார்பு, இறக்கை உறை, கால்கள், வயிறு என்று இரண்டு பக்கத்துக்கு ஓடும் முழு விவரணையைவிட அந்த நான்கைந்து வரிகளே கடினமானவை. வண்டு எப்படி இருக்கிறது என்று எழுத ஒரு வண்டு போதும். அது எதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுத, அந்தப் பேரினம் முழுவதையும் பார்த்திருக்க வேண்டும். எழுதும்போது எதிரே நிறுத்திப் பார்க்க வேண்டியவர், இருபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு வண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது அதுதானா என்று குழம்பும் ஒருவர். அவருக்கு ‘முன்மார்பு சற்று அகலமானது’ என்ற வாக்கியம் எந்த வகையிலும் உதவாது. அகலத்துக்கும் நீளத்துக்குமான விகிதம், எந்தச் சிற்றினத்தில் அது எவ்வளவு, எத்தனை மாதிரிகளை அளந்து சொல்கிறோம் என்பவையே உதவும்.

இந்தப் பொறுமைக்கெல்லாம் நேரம் இருக்கிறதா என்ற எதிர்வாதம் நியாயமானது. டிரைகோனாப்டெரஸ் என்ற பறக்காத கூன்வண்டுப் பேரினத்தைப் பாருங்கள். சருகிலும் தாழ்ந்த செடிகளின் இலைகளிலும் வாழும் இதன் சிற்றினங்களில், இந்தோனேசியாவின் சுலாவெசி தீவில் வாழ்வதாக நூற்றாண்டுக்கும் மேலாக அறியப்பட்டிருந்தது, 1885ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட ஒன்று மட்டுமே. 2019ஆம் ஆண்டில் பூச்சியியலாளர்களான அலெக்சாண்டர் ரீடலும் ரைசா நரகுசுமோவும் அதே தீவிலிருந்து 103 புதிய சிற்றினங்களை ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். அதற்கு முன்னர் 2013ஆம் ஆண்டில் நியூ கினியிலிருந்து 101, 2014ஆம் ஆண்டில் சுந்தா நிலப்பகுதி (சுமத்ரா, ஜாவா, போர்னியோ முதலியவை), அதன் கிழக்கேயுள்ள சிறு சுந்தாத் தீவுகள் ஆகியவற்றிலிருந்து 98 என்று ரீடலும் உடன் உழைத்தவர்களும் விவரித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டிருந்தால் ஒருவருடைய வாழ்நாளில் இது முடியாது. அவர்கள் செய்த சிக்கனம் வேறு வகையானது: டி.என்.ஏ.வில் பார்கோடு என்று அழைக்கப்படும் குறிப்பிட்ட மரபணுத் துண்டின் வரிசை, உருவத்தின் தெளிவான படம், ஆணுறுப்பின் படம், அளவான ஒரு விவரணை ஆகியவற்றைச் சேர்த்து, வெற்று நீளத்தை வெட்டிவிட்டார்கள். மரபணுவுக்காக மாதிரியை அரைத்து அழிக்க வேண்டியதில்லை என்பது இதில் ஓர் அழகு. நொதிக் கரைசல் உள்ளேயுள்ள மென்திசுக்களைக் கரைத்து எடுத்துக்கொள்ள, கெட்டியான புறக்கூடு அப்படியே மிஞ்சும். அதே வண்டின் ஆணுறுப்பையும் எடுத்துப் பார்க்கலாம். மரபணு வரிசையும் உருவமும் ஒரே உடலுக்குச் சொந்தமானவை என்பதில் ஐயமே எழாது.

இதே பேரினத்தின் இடுப்பு மூட்டு திருகும் மறையுமாக அமைந்திருப்பதை 2011ஆம் ஆண்டில் ரீடல் உள்ளிட்ட குழு ஊடுகதிர் முப்பரிமாணப் படங்கள் மூலம் காட்டியது. காலின் ஒரு பகுதியில் வெளிப்புறத் திருகுவரியும், அது பொருந்தும் குழியில் உட்புறத் திருகுவரியும் இருக்கின்றன. நூறாண்டுகளுக்கு மேலாகப் பெயரோடு பெட்டியில் இருந்த ஒரு கூட்டத்தின் காலிலேயே இது யாருக்கும் தெரியாமல் இருந்தது.

சிக்கனத்துக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பது என் கருத்து. 2021ஆம் ஆண்டில் கோஸ்டாரிகாவில் பிற பூச்சிகளின் உடலில் ஒட்டுண்ணியாக வளரும் பிரகோனிட் குளவிகளில் 403 புதிய சிற்றினங்கள், பெரும்பாலும் பார்கோடு வரிசையையும் ஒரு படத்தையும் மட்டுமே கொண்டு வெளியிடப்பட்டபோது, வகைப்பாட்டியலாளர்களிடையே கடுமையான வாக்குவாதம் எழுந்தது. வேகத்தை ஆதரிப்பவர்களின் அவசரம் எனக்குப் புரிகிறது. காடு அழியும் வேகத்தில் பெயர் வைக்கும் வேலை நடக்கவில்லை. ஆனால் சருகுக் கூன்வண்டுகளைப் பொறுத்தவரை அந்த வழி சரிவராது. மலைக்கு மலை பிரிந்து கிடக்கும் பறக்காத வண்டுகளில் ஒரே சிற்றினத்தின் கூட்டங்களுக்கிடையிலும் மரபணு வரிசை பெரிதும் விலகியிருக்கலாம். அந்த விலகலை மட்டும் பார்த்துக் கோடு கிழித்தால், ஒவ்வொரு மலையுச்சிக்கும் ஒரு சிற்றினம் என்று எண்ணிக்கை பெருகும். மேலும் அருங்காட்சியகப் பெட்டிகளில் இருக்கும் பழைய மூல மாதிரிகள் பலவற்றிலிருந்து மரபணுவை எடுப்பது எளிதல்ல. அவற்றோடு ஒப்பிட உருவம் ஒன்றுதான் பாலம். ஆகவே பார்கோடும் ஆணுறுப்பின் படமும் சேர்ந்து ஒரே பிரிவைச் சுட்டும்போது மட்டும் பெயர் வைப்பதே நல்லது.

பெயர் வைக்கும் விதிகளை விரைவாகவே சொல்லிவிடலாம். விலங்குகளின் பெயர்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெயர் புதியது என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். பெயருக்கு ஆதாரமான மாதிரி எது, எந்தச் சேகரிப்பில் அது வைக்கப்படும் என்று சொல்ல வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியாகும் கட்டுரை விலங்குப் பெயர்களுக்கான சூபேங்க் இணையப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். பெயர் எதைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதில் விதிகள் தாராளமானவை. டிரைகோனாப்டெரஸ் சிற்றினங்களில் டார்வின், டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்த வாட்சன், கிரிக், இயற்கைப் படங்களின் வர்ணனையாளர் டேவிட் அட்டன்பரோ ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. நியூ கினிச் சிற்றினங்கள் பலவற்றுக்கு பாப்புவா நியூ கினி நாட்டின் தொலைபேசிக் கையேட்டில் இருந்த குடும்பப் பெயர்களையே எடுத்து வைத்தார்கள். நூறு பெயர்கள் ஒரே நேரத்தில் தேவைப்படுபவருக்கு அது சமயோசிதமான வழி. அந்த மண்ணின் மக்களுடைய பெயர்கள் என்பதால் எனக்குப் பிடித்த வழியும்கூட.

எனக்கு மிகவும் குறையாகப் படும் பகுதி கட்டுரையின் கடைசியில் உயிரியல் என்ற தலைப்பில் வருவது. ‘காட்டுச் சருகைச் சலித்துப் பெறப்பட்டது’ என்ற ஒரு வரியோடு அது பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த வண்டு எதைத் தின்கிறது, அதன் புழு எங்கே வளர்கிறது, விழுந்த விதைக்குள்ளா, மக்கும் குச்சிக்குள்ளா, வேரிலா என்ற எதற்கும் சலித்தெடுத்த குப்பியில் விடை இல்லை; சலிக்கும் முறையே வண்டை அதன் இடத்திலிருந்து பிய்த்து எடுத்துவிடுகிறது. கூன்வண்டுப் புழுக்கள் காலில்லாதவை, வெளிறியவை, வளைந்தவை. ஒரு பேரினத்தின் புழுவை மற்றொன்றின் புழுவிலிருந்து பிரிப்பதே கடினம். இங்கேதான் பார்கோடு தன் முழுப் பயனைத் தரும் என்று எதிர்பார்க்கிறேன். மக்கிய குச்சியைப் பிளக்கும்போது கிடைக்கும் பெயரில்லாத புழு ஒன்றின் வரிசை, விவரிக்கப்பட்ட ஒரு வண்டின் வரிசையோடு பொருந்தினால், அதை வளர்த்துப் பார்க்காமலே அது யாருடைய குஞ்சு என்று தெரிந்துவிடும். அதற்காகவாவது சலிக்கப் போகிறவர்கள், சருகை அள்ளிய இடத்தில் எந்த மரம் நின்றது, குச்சிகள் எந்த அளவுக்கு மக்கியிருந்தன, விதைகள் கிடந்தனவா என்பவற்றை உயரத்தோடும் ஆயத்தொலைவோடும் சேர்த்துச் சீட்டில் எழுதிக் குப்பிக்குள் போட வேண்டும். பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.